தறுகணும் இசைமையும்: திரைப்படச் சண்டைக் கலைஞர் குறித்த ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கன் வழித் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தறுகண் என்பது அஞ்சாமை; இசைமை என்பது புகழ். அஞ்சாது நின்றவன் எவனோ அவனே புகழுக்கும் உரியவன் என்பது பழைய இலக்கியத்தின் பொதுநெறி. இக்காலத்துத் திரைப்படத்தில் இவ்விரண்டும் வேறுவேறு ஆளிடத்துப் பிரிந்து நிற்கின்றன. மாடியினின்று குதிப்பவன் ஒருவன். குதித்தான் எனக் கைதட்டப் பெறுபவன் மற்றொருவன். அடிபட்டுச் சுவரில் மோதுபவன் பெயர் எவர்க்கும் தெரிவதில்லை. அடித்தவன் பெயர் ஊர்தோறும் எழுதப்படுகின்றது. தறுகண் ஒருவன்பால் நிற்க, இசைமை மற்றொருவனைச் சென்று சேரும் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், திறனாய்வு இதனை எங்ஙனம் நோக்குதல் வேண்டும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இப்பொருள் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானது எனக் கருதுவாரும் உளர். அவர்க்கு விடை சிலப்பதிகாரத்திலேயே உளது. மாதவி ஆடிய பதினோராடலுள் மல் என்பதும் ஒன்று. வாணனை வெல்லுதற்கு மாயோன் மல்லனாய் நின்று பொருததை ஆடிக் காட்டுவது அது. போர் வேறு, போரை ஆடிக்காட்டுதல் வேறு என்பதையும், பின்னது கூத்தின்பாற்படும் என்பதையும் நம் முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். அடியார்க்குநல்லார் தம் உரையில் வினோதக் கூத்தின் வகைகளை எண்ணுமிடத்துக் கரணத்தையும் ஒன்றாக வைத்தார். இன்றும் சிற்றூர்ச் சிறுவர் நாவில் வழங்கும் குட்டிக்கரணம் என்னும் சொல் அப்பழங்கலையின் எச்சம் ஆகும். கயிற்றின்மேல் ஆடுவோர் கொட்டும் பறையைக் குறுந்தொகையின் 7ஆம் பாட்டு உவமையாக்குகின்றது. ஆகவே மெய்யை இடருக்கு உட்படுத்தி ஆடும் கலைஞரைத் தமிழ் இலக்கியம் புறக்கணித்ததில்லை. அவர்தம் வழித்தோன்றல்களாகிய திரைப்படச் சண்டைக் கலைஞரை நாம் மட்டும் புறக்கணித்தல் மரபன்று.

இளையரசனேந்தலில் கேட்டவை

முன்பு சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சார்ந்திருந்த இளையரசனேந்தல் கரிசல் மண்ணில் அமைந்த பழைய சமீன் ஊர். ஏந்தல் என்பது மழைநீரை ஏந்தி நிற்கும் குளத்தையும் குறிக்கும், பெருமையுடையோனையும் குறிக்கும். இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறத்தும் சிலம்பம் பயின்ற முதியோர் சிலரிடம் யாம் அளவளாவியதுண்டு. அவர்கள் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாயின.

முதலாவது, பயிற்சி முறையைப் பற்றியது. கம்பு வீசக் கற்பதற்கு முன்பே கம்பை ஏற்கவும், விலகவும், விழவும் கற்றல் வேண்டும் என்பது வாத்தியாரின் விதி. கோவில் கொடையில் இருவர் எதிர்நின்று கம்பு சுற்றும்பொழுது, அடிப்பவனைக் காட்டிலும் ஏற்பவனையே அறிந்தோர் உற்று நோக்குவர். அடி மெய்யின்மேல் ஒரு விரற்கிடை தள்ளி நிற்பதும், அது பட்டதுபோலவே ஏற்பவன் மெய் வளைவதும் இருவரும் ஒத்து இயங்கினாலன்றிக் கைகூடா. போர்ச் சிலம்பத்தில் எதிரி பகைவன். அலங்காரச் சிலம்பத்தில் அவன் துணைவன்.

இரண்டாவது, திரைப்படம் பார்த்ததைப் பற்றியது. அக்காலத்துக் கீற்றுக் கொட்டகைகளில் மணல் குவித்து அமர்ந்து சண்டைப் படங்களைக் கண்ட அம்முதியோர், படந்தோறும் தலைமை நடிகரிடம் அடிவாங்கும் ஆட்களை முகங்கண்டு அறிந்திருந்தனர். பெயர் தெரியாமையால் தாமே பெயரும் இட்டனர். 'பல்டிக்காரன்', 'சுருட்டைமுடியான்', 'மொட்டையன்' என அவர்கள் வழங்கிய பெயர்கள் பல. 'இன்றைக்குப் பல்டிக்காரன் வந்திருக்கிறான். சண்டை நன்றாயிருக்கும்' என்று படம் தொடங்குமுன்பே கூறுவராம். கம்பு ஏற்கத் தெரிந்த ஊர், ஏற்பவனது அருமையைத் திரையிலும் கண்டுகொண்டது. அச்சில் எழுதிய திறனாய்வாளர் இதனைக் கண்டுகொண்டாரல்லர்.

ஆமூர் மல்லனும் வெண்ணிப் பறந்தலையும்

வீழ்ந்தவனைப் பாடுதல் நமக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூரில் ஒரு மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் பாடுகின்றார். ஒரு கால் எதிரியின் மார்பிலும் மற்றொரு கால் அவன் முதுகுப்புறத்தும் செயற்படும் பிடியை அவர் காட்டும் திறம், கண்ணெதிரே நிகழ்வதைப் படம் பிடித்தாற் போல்வது. அம்மல்லன் பெயர் யாது? பாட்டும் கூறவில்லை, அடிக்குறிப்பும் கூறவில்லை. ஊர்ப்பெயரும் தொழிற்பெயருமே எஞ்சின. தமிழ் இலக்கியத்தில் பெயரின்றி வீழ்ந்த சண்டைக் கலைஞருள் இவனை முன்னோன் எனலாம்.

ஆயினும் சாத்தந்தையார் அவனைச் சிறுமைப்படுத்தினாரல்லர். அவன் மிக்க வலியுடையவன் என்று கூறிய பின்னரே அவ்வலி அழிந்தமையைக் கூறுகின்றார். வீழ்ந்தவனது வலியே வென்றவனது பெருமைக்கு அளவுகோல் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். எளியவனை வீழ்த்துவதால் எவரும் பெருமிதம் எய்துவதில்லை.

வெண்ணிக் குயத்தியார் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். கரிகாலன் வெண்ணிப் போரில் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்றவனை முன்னிலைப்படுத்தியே பாடும் அப்புலவர், வீழ்ந்தவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்பட வினவுகின்றார். வெற்றி ஒருவனுக்கு ஆயினும் பெருமை மற்றவனுக்கும் ஆகலாம் என்னும் இந்நடுவுநிலை திறனாய்வுக்கும் உரியது.

ஒன்றாயிருந்தவை பிரிந்த வரலாறு

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கத்தில் தறுகணும் இசைமையும் ஒருவரிடத்தே நின்றதும் உண்டு. 1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெட்ராஸ் மெயில்' படத்தின் தலைவர் பாட்லிங் மணி. அவர் பெயரின் முன்னொட்டே சண்டையாற் பெற்றது. பம்பாயில் 1935ஆம் ஆண்டு 'ஹண்டர்வாலி' வழியே நாடியா புகழெய்திய பின், தமிழில் கே. டி. ருக்மணி 1937ஆம் ஆண்டின் 'மின்னல்கொடி'யில் வீரப்பெண்ணாகத் தோன்றினார். 1940ஆம் ஆண்டின் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் புனைந்த பி. யு. சின்னப்பா சிலம்பம் முறையாகப் பயின்றவர். அவரும், பின்னர் எம். ஜி. இராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இளமைப் பயிற்சி பெற்றனர். பாட்டும் உரையும் கற்ற அச்சிறுவர் மேடைக்கு வேண்டிய வாட்போரையும் கம்பையும் உடன் கற்றனர். நாடகமேடையில் ஒருவர்க்கு மாற்றாக மற்றொருவர் குதிக்க வழியில்லை. அவையோர் கண்முன்னே அனைத்தும் நிகழ்தல் வேண்டும்.

படக்கருவியோ காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்ட வல்லது. முகத்தை ஒரு துண்டிலும் மெய்யை மற்றொரு துண்டிலும் காட்டலாம் என்ற நிலை ஏற்பட்டதும், முகத்துக்கு ஒருவரும் மெய்க்கு ஒருவரும் அமைந்தனர். நடிகரின் ஊதியமும் அவரைச் சார்ந்த முதலீடும் பெருகப் பெருக, அவர் காயமுற்றால் படப்பிடிப்பு நின்றுவிடும் என்னும் அச்சமும் பெருகிற்று. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் 'ஸ்டண்ட்' எனவும் 'ஃபைட்டர்' எனவும் வழங்கப்பெறும் தனித்தொழில் வளர்ந்தது. தலைமை நடிகர்க்கு மாற்றாக நிற்பதை 'டூப் போடுதல்' என்றனர். எம். ஜி. இராமச்சந்திரனுக்கு அங்ஙனம் நின்ற கே. பி. இராமகிருஷ்ணன் அவர்க்கு மெய்க்காவலராகவும் விளங்கியவர். தலைமை நடிகர் தாமே சண்டை வல்லராயிருந்த இடத்தும் இத்தொழில் வேண்டப்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இத்தொழிலின் உள்ளீட்டை விளக்கப் பழம்போர் மரபே துணைசெய்யும். புறங்காட்டல் வீரர்க்கு இழிவு; புறப்புண் நாணத்தக்கது. மாற்றாக நிற்கும் கலைஞனுக்கோ புறங்காட்டுதலே தொழில். அவன் முகம் படக்கருவிக்குத் தெரியுமாயின் காட்சி பயனற்றதாகும். விழும்பொழுதும் முகத்தை மறைத்து விழுதல் வேண்டும். வலி தோன்றும்பொழுதும் அவ்வலியைப் பிறர் முகத்துக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். மிக்க தறுகண் உடையவன் புறங்காட்டி நிற்கும் இம்முரண்பாடு வேறெக்கலையிலும் இத்துணைத் தெளிவாகக் காணப்பெறாதது.

வீழ்தல் என்னும் கலை

சண்டைக் காட்சியின் பொருளைத் தருபவன் அடிப்பவனா, அடிபடுபவனா? 1971ஆம் ஆண்டின் 'ரிக்‌ஷாக்கார'னில் தலைவன் ரிக்‌ஷாவை மிதித்துச் சுற்றிக்கொண்டே கம்பு வீசும் காட்சி பலரும் அறிந்தது. அப்படத்தின் நடிப்புக்காக எம். ஜி. இராமச்சந்திரன் தேசிய விருது பெற்றார். அக்காட்சியில் தலைவனை மட்டும் நோக்கின் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு கம்பு சுழற்றுகின்றார் என்பதே புலனாகும். சூழ நிற்போரை நோக்குக. வண்டியின் வட்டம் விரிய அவர்கள் பின்வாங்குகின்றனர், சுருங்க நெருங்குகின்றனர். கம்பின் விரைவை நாம் அறிவது அவர்கள் விலகும் விரைவினால். அதன் கனத்தை அறிவது அவர்கள் தெறித்து விழும் தொலைவினால். அவர்களை நீக்கிவிடின் எஞ்சுவது பயிற்சியேயன்றிப் போர் அன்று. தலைவன் எழுவாய் எனின், வீழ்வோரே பயனிலை. பயனிலையின்றி வாக்கியம் முடிவதில்லை.

1980ஆம் ஆண்டின் 'முரட்டுக்காளை'யில் ஓடும் தொடர்வண்டியின்மேல் நிகழும் சண்டையும் அத்தகையது. அதனை அமைத்தவர் குடியாத்தத்தைச் சேர்ந்த ஜூடோ ரத்தினம். 1966ஆம் ஆண்டின் 'வல்லவன் ஒருவ'னில் சண்டைப் பயிற்சியாளராகத் தொடங்கி, 1,200க்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்தவர் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்ற அவர் 2023 சனவரி 26இல் மறைந்தார். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். ஆசான் வழி மாணவன் என்னும் சிலம்பக் கூடத்தின் முறையே படப்பிடிப்பு நிலையத்திலும் தொடர்ந்தது. வீழும் கலைக்கு ஏட்டில் எழுதிய நூலில்லை. ஒருவர் மெய்யினின்று மற்றொருவர் மெய் கற்றுக்கொண்டதே அதன் இலக்கணம்.

ஆங்காங்கின் ஒப்புமை

கடல்கடந்த ஆங்காங்கு நகரத்தின் சண்டைப் படங்களை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் விளங்கும். அங்கும் சண்டைக் கலைஞர் பலர் சிறுவர் நாடகப் பள்ளிகளினின்று வந்தவர்களே. பீக்கிங் இசைநாடகம் பயிற்றிய யூ சிம்-யுவென் என்னும் ஆசானிடம் சாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் ஆகியோர் இளமையிலேயே ஒப்படைக்கப்பெற்றுப் பல்லாண்டு கடும்பயிற்சி பெற்றனர். நாடகத்துக்கு அவையோர் குறைந்தபொழுது அக்கரண வல்லுநர்க்குத் திரைப்படம் புகலிடமாயிற்று. நம் பாய்ஸ் கம்பெனி வரலாற்றோடு இஃது ஒப்பிடத்தக்கது. அங்குச் சண்டைக் கலைஞரைக் குறிக்கும் தொழிற்பெயர் டிராகனையும் புலியையும் சேர்த்து வழங்குவது. அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு வெய் சூன்சி இயக்கிய ஆவணப்படம் அவர்தம் வாழ்வையும் முதுமையையும் அவர் வாய்மொழியாலேயே பதிவுசெய்துள்ளது.

1972ஆம் ஆண்டில் புரூஸ் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்தின் இறுதியில் பகைத்தலைவன் உதைபட்டுப் பறந்து விழுகின்றான். விழுந்தது பகைத்தலைவராக நடித்தவர் அல்லர். அவர்க்கு மாற்றாக நின்ற சாக்கி சான். அன்று பெயரின்றி வீழ்ந்த அவ்விளைஞர் பின்னர்த் தாமே தலைவராய், தாமே குதிப்பவராய் உலகப் புகழ் எய்தினார். 1985ஆம் ஆண்டின் 'போலீஸ் ஸ்டோரி'யில் கடைத்தொகுதியின் மேல்தளத்தினின்று கம்பத்தைப் பற்றி அவர் சறுக்கி இறங்கும் காட்சியில் தறுகணும் இசைமையும் மீண்டும் ஓரிடத்தே கூடின. ஆயினும் ஒருவர் கரையேறியமை கொண்டு எல்லாரும் கரையேறினார் எனல் பொருந்தாது. அவரோடு பயின்றோருள்ளும் பலர் பெயரின்றியே நின்றனர்.

ஈண்டு ஒன்று கூறுதல் கடன். சீனத்துச் சாவோலின் மடத்தின் போர்க்கலையைக் கற்பித்தவர் காஞ்சியினின்று சென்ற போதிதருமர் என்னும் கருத்து நம்மிடையே பெரிதும் பரவியுள்ளது. 2011ஆம் ஆண்டின் '7ஆம் அறிவு' அதனையே கருவாகக் கொண்டது. போதிதருமரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் பழஞ்சான்றாகக் காட்டப்பெறும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டினது. அவர் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்டது. எனவே இதனை வரலாறு எனத் துணிதல் அரிது. பழைய ஒருவர்க்குப் புகழ் தேடி ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லும் நாம், நேற்று நம் கண்முன் வீழ்ந்தவர் பெயரைக் கேளாதிருத்தல் முறையாமோ?

உயிரும் பாராட்டும்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடற்பாலதன்று. 2016 நவம்பர் 7இல் கன்னடப் படம் ஒன்றன்பொருட்டுத் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரினின்று குதித்த அனில், உதய் என்னும் இருவரும் நீரில் மூழ்கி இறந்தனர். உடன் குதித்த தலைமை நடிகர் உயிர் தப்பினார். 2024 சூலையில் சென்னையில் படப்பிடிப்பின்போது உயரத்தினின்று விழுந்து ஏழுமலை என்பார் இறந்தார். 2025 சூலை 13இல் நாகப்பட்டினம் மாவட்டத்து விழுந்தமாவடியில் கார் பாயும் காட்சியில் மோகன்ராஜ் உயிர்நீத்தார். அதனையடுத்து இந்தி நடிகர் அட்சய் குமார் ஏறத்தாழ 650 சண்டைக் கலைஞர்க்குக் காப்பீடு செய்வித்த செய்தி வெளிவந்தது. இம்மூவிடத்தும் இறந்தவர் பெயரை நாடு அறிந்தது இறந்த பின்னரேயாகும். உயிரைக் கொடுத்த பின்னரே இசைமை கிட்டுமாயின் அவ்விசைமை கொடிது.

இதில் திறனாய்வுக்கும் பங்கு உண்டு. 'உண்மையாகவே குதித்தார்', 'உண்மையாகவே அடிபட்டார்' எனப் பாராட்டும் வழக்கம் நம் திரைப்பட எழுத்தில் மிகுந்துள்ளது. இஃது அறியாமையின்பாற்பட்ட பாராட்டு என்பதே எம் கருத்து. மருட்கை என்னும் மெய்ப்பாடு காண்போரிடத்துத் தோன்றுதற்கு ஆடுவோன் துன்புறுதல் வேண்டுவதில்லை. அழுகைச் சுவை தோன்ற நடிகர் மெய்யாகவே மகனை இழத்தல் வேண்டுமோ? கம்பு ஒரு விரற்கிடை தள்ளி நிற்பதே சிலம்பத்தின் கல்வி. அது மெய்யிற் படுவது கல்வியின் குறை. தொல்காப்பியர் பெருமிதத்தின் நிலைக்களன்களை எண்ணுமிடத்துத் தறுகணுக்கு முன்னே கல்வியை வைத்தமை கருதத்தக்கது. இடரைப் புகழும் எழுத்து அடுத்த படத்தில் மேலும் பெரிய இடரைக் கேட்கின்றது. திறமையைப் புகழும் எழுத்தோ மெத்தையையும் கயிற்றையும் ஒத்திகைக்குரிய காலத்தையும் கேட்கும்.

விருதுகள் இப்பொழுது வரத் தொடங்கியுள்ளன. 1954 முதல் வழங்கப்பெறும் தேசியத் திரைப்பட விருதுகளில், 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குரிய 64ஆம் விருதுகளிலேதான் சண்டை அமைப்புக்குத் தனி விருது ஏற்பட்டது. 'புலிமுருகன்' என்னும் மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதனைப் பெற்றார். 2027ஆம் ஆண்டில் வெளிவரும் படங்கள் தொடங்கிச் சண்டை வடிவமைப்புக்கு ஆஸ்கர் விருது வழங்கப்படும் என 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பெற்றது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் இவை அமைத்தவரைச் சிறப்பிப்பன. வீழ்ந்தவர் இன்னும் பெயரின்றியே உள்ளார்.

முடிபு

இனிச் செய்யத்தக்கது யாது? தொகை நூல்களைத் தொகுத்தோர் இதற்கு ஒரு நெறி காட்டியுள்ளனர். பாட்டு எஞ்சிப் பாடியவர் பெயர் எஞ்சாத இடத்து அவர்கள் அப்பாட்டை விட்டுவிட்டாரல்லர்; பாட்டின் தொடரையே பெயராக்கினர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார். 41ஆம் பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். நற்றிணையின் 284ஆம் பாட்டைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். செயலினின்று பெயர் கொண்ட இப்புலவரை இன்று நாம் பெயரறியாதார் எனக் கொள்வதில்லை. கொட்டகை மணலில் அமர்ந்து 'பல்டிக்காரன்' என்று பெயரிட்ட இளையரசனேந்தல் முதியோர் செய்ததும் அத்தொகுப்பாசிரியர் செய்ததும் ஒன்றே.

ஆதலின் தமிழ்த் துறைகள் திரைப்பட வரலாறு எழுதுமிடத்து மூன்று கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். சண்டைக் காட்சியை ஆராயும்பொழுது வீழ்வோரையும் ஆராய்தல் ஒன்று. இன்று முதுமையில் உள்ள சண்டைக் கலைஞரிடம் நேரிற் சென்று, எந்தப் படத்தில் எக்காட்சியில் யார்க்கு மாற்றாக நின்றனர் என்பதைக் கேட்டு எழுதி வைத்தல் மற்றொன்று. பெயர் கிட்டாதவிடத்து, ஊரார் இட்ட பெயரையேனும் காட்சியோடு சேர்த்துக் குறித்து வைத்தல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது விரைந்து செய்தற்குரியது. கேட்கவேண்டிய முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.

ஆமூர் மல்லன் பெயரை நாம் இனி அறிதற்கு வழியில்லை. அவனைப்போலவே பிறரும் மறைந்து போகாதவாறு காத்தல் இயலும். தறுகண் எவனுடையதோ இசைமையும் அவனுக்கே ஆதல் வேண்டும் என்பது எம் துணிபு.